தாளுக்கு இருபத்திரண்டு ரூபாய்

"ஒரு தாளுக்கு எம்புட்டு சார்?"

நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். முதல் தப்பும் இதுதான். அப்போது அது தப்பென்று எனக்குத் தெரியாது. தளவாய்புரத்தில் எதற்கும் அப்படித்தான் கேட்போம். நைட்டி ஒன்று தைக்க இவ்வளவு, காஜா எடுக்க இவ்வளவு, நூல் பிசிறு வெட்ட டஜனுக்கு இவ்வளவு. மணிக்கணக்கும் நாள்கணக்கும் ஆபீசுக்குப் போகிறவர்களுக்கும் கொத்தனாருக்கும் உரியவை. எங்கள் தொழிலில் எண்ணிக்கைதான் பேச்சு. எண்ணி வாங்கி எண்ணிக் கொடுத்தால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது என்று நான் முழுசாக நம்பியிருந்தேன்.

இன்றைக்கு அவருக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. நானும் சொல்லப் போவதில்லை. எங்களுக்கு அவர் டிராயிங் சார், அவ்வளவுதான். வில்லிபுத்தூர் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில், நாலு குடித்தனம் உள்ள வளவில், கடைசி வீடு. ஆறு வருஷம் எனக்கு வரைந்து கொடுத்தார். ஏழாம் வருஷம் அவருக்குக் கண் போயிற்று. அதில் எனக்குப் பங்கு இல்லை என்று ஒரு டாக்டர் சொன்னார். உண்டு என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், முப்பது வருஷமாக.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பேரம் பேசாமல் ஒரு கட்டுக் கீரை வாங்கினால்கூட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. யார் என்ன விலை சொன்னாலும் அதில் பாதியில் ஆரம்பிப்பேன். வளையல்காரர் என்னைப் பார்த்தால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். அவர் அனுப்பிய மணியார்டரில் மிச்சம் பிடித்து, எண்பத்தாறு வாக்கில் நாலு தையல் மெஷின் வாங்கிப் போட்டு நைட்டி தைக்க ஆரம்பித்தவள் நான். பேரத்தால்தான் பிழைத்தேன் என்று எனக்கு ஒரு பெருமை.

கொல்லத்திலிருந்து சரக்கெடுக்க வந்த வியாபாரிதான் இதை ஆரம்பித்து வைத்தார். எல்லார் நைட்டியும் ஒரே மாதிரி இருக்கிறது, கழுத்தில் பூவேலை வேண்டும், ஒவ்வொரு தடவையும் புது மாடல் வேண்டும், ஒரே மாடலில் நூறு எடுத்தால் நூறும் அச்சாக ஒன்றுபோல இருக்க வேண்டும் என்றார். நான் துணியில் சாக்பீஸால் கிறுக்கிக் காட்டுவேன். எம்பிராய்டரி போடுகிற பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாகப் போடுவார்கள். இரண்டு தோளிலிருந்தும் பூப் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். நெஞ்சுக்கு நடுவில் வந்து பார்த்தால் ஒரு பக்கம் அரைப் பூ மிச்சம் நிற்கும். பாதிச் சரக்கு திரும்பி வந்தது.

என் கொழுந்தன் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் பிட்டராக இருந்தான். அவன்தான் சொன்னான். "எங்க ஒர்க்‌ஷாப்புல மெஷின் பார்ட்டெல்லாம் வரையிற சார் ஒருத்தர் இருந்தாவ மைனி. ஆளக் கொறச்சப்ப வெளிய வந்துட்டாவ. அவிய வரைஞ்சா கண்ண மூடிட்டுத் தைக்கலாம். ஆனா ரொம்ப மெதுவு."

மெதுவு என்பதற்கு அவன் ஒரு கதையும் சொன்னான். பல்சக்கரம் வரைகிறவர்கள் நாலைந்து பல்லை வரைந்து காட்டிவிட்டு, மிச்சத்துக்கு ஒரு வட்டம் போட்டு விட்டுவிடுவார்களாம். அதுதான் முறை. பார்க்கிறவனுக்குப் புரிந்துவிடும். இவர் மட்டும் அறுபது பல் இருந்தால் அறுபதையும் வரைவாராம். இஞ்சினியர் ஒருநாள் கூப்பிட்டு, "எதுக்குய்யா கம்பெனி நேரத்த வீணடிக்கிறீரு?" என்று கேட்டிருக்கிறார். "பல்லு இருக்கே சார், வரையாம எப்படி விட?" என்றாராம் இவர். ஆள் குறைக்கும்போது முதலில் இவரைக் குறைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

நான் போனபோது காலை பதினொரு மணி இருக்கும். ஜன்னலோரம் பலகையைச் சாய்த்து வைத்திருந்தார். ஒல்லியான ஆள். வீட்டிலும் அரைக்கைச் சட்டையில் கழுத்துப் பித்தான்வரை போட்டிருந்தார். மாதிரிக்கு நான் கொண்டுபோன நைட்டியைக் கையில் வாங்கினார். எல்லாரும் வெளிப்பக்கம் பார்ப்பார்கள். அவர் உள்பக்கத்தைத் திருப்பித் தையலை எண்ண ஆரம்பித்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் அவர்கள். எங்களிடம் தமிழ்தான், ஆனால் எண்ணுவது மட்டும் தெலுங்கில். "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று உதட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது. எனக்கோ பஸ்ஸுக்கு நேரமாயிற்று. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

அவர் கண்ணை மூடிச் செத்த நேரம் யோசித்தார். "முப்பது ரூவா ஆகும்மா."

"முப்பதா? பேப்பர்ல பென்சிலால கோடு போடுததுக்கு முப்பது ரூவாயா சார்? என் டெய்லர் ரெண்டு நாளு மெஷின் மிதிச்சாத்தான் முப்பது ரூவா."

அவர் நைட்டியை மறுபடி வெளிப்பக்கம் திருப்பினார்.

"பதினஞ்சு வச்சுக்கோங்க."

பேச்சே இல்லை. பேசாமல் இருப்பதும் பேரத்தில் ஒரு வகை என்று எனக்குத் தெரியும். சரியான கல்லுளிமங்கனிடம் வந்து மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். பதினெட்டு என்றேன். இருபது என்றேன். அவர் அந்த நைட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, ஒங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். இருபத்திரண்டு. இதுக்கு மேல ஒரு பைசா கெடையாது."

"சரிம்மா" என்றார்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பொம்பளையிடம்கூட இந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து, பழக்கமான பிறகு, ஒருநாள் கேட்டேன். "அன்னைக்கு நான் பேரம் பேசப் பேச வாயே தெறக்காம இருந்தீயளே, என்ன சார் நெனச்சீய?"

அவர் பென்சிலை பிளேடால் சீவிக்கொண்டே சொன்னார். "நீங்க இருபதுன்னதும், எத விட்டா இருபதுக்கு வரும்னு பாத்தேன். பூவ விடலாமா, தையல விடலாமா, பின்டக் மடிப்ப விடலாமான்னு பாத்தேன். எதையும் விட முடியல."

"அப்பம் முப்பதே கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டேனேம்மா" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அப்போது எனக்கு வலிக்கவில்லை.

முதல் தாள் மூன்றாம் நாள் முடிந்தது. விரித்துப் பார்த்தேன். நைட்டியின் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து எல்லாம் தனித்தனியாக இருந்தன. ஒவ்வொரு தையலும் குட்டிக் கோடாக இருந்தது. பின்டக் பதினாறும் எண்ணிக்கொள்ளலாம். கழுத்தின் ஒவ்வொரு பூவும், அதன் ஒவ்வொரு இதழும், இதழுக்குள் நூல் எந்தப் பக்கம் சாய்ந்து போகிறது என்பதும் இருந்தது. நடுவில் ஒரு சின்ன அம்பு போட்டு, 'இங்கிருந்து ஆரம்பிக்கவும்' என்று எழுதியிருந்தார். தோளிலிருந்து இறங்கக்கூடாதாம். நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் ஏறவேண்டுமாம். இத்தனை நாளாக எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பேச்சி என்ற பிள்ளை என்னிடம் எம்பிராய்டரி போட்டாள். அவள் அந்தத் தாளைப் பார்த்து விரலால் எண்ணி எண்ணியே நூறு கழுத்துப் போட்டு முடித்தாள். நூறும் ஒன்றுபோல இருந்தன. கொல்லத்து வியாபாரி ஒன்றைக்கூடத் திருப்பவில்லை. அந்த வருஷமே நாலு மெஷின் ஒன்பதாயிற்று. பிறகு பதினாலு.

மூன்று நாள் வேலைக்கு இருபத்திரண்டு ரூபாய். என்னிடம் பிசிறு வெட்டுகிற பிள்ளை மூன்று நாளில் அதைவிடக் கூட வாங்கும். இந்தக் கணக்கு அப்போது என் தலைக்குள் வரவே இல்லை. ஏனென்றால் நான் நாளை எண்ணவில்லை, தாளைத்தான் எண்ணினேன்.

அவருக்கு அரைவேலை வராது. இதை முதலில் சொன்னது அவருடைய சம்சாரம். கனத்த உடம்பு, கனத்த குரல், சிரிக்காமல் கேலி பேசுகிற அக்கா. "அவியகிட்ட வெண்டைக்கா நறுக்கக் குடுத்துராத. எல்லாத் துண்டும் ஒரே அளவுல இருக்கும், ஆனா மத்தியானச் சோறு மூணு மணிக்குத்தான்" என்பாள். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் 'வீடு வாடகைக்கு' என்று ஒரு அட்டையில் எழுதித் தரச் சொன்னார். இரண்டு நாள் எழுதினார். அதற்குள் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. வந்துவிட்டது என்று தெரிந்தும் மூன்றாம் நாள் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து எழுதி முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த வீட்டுக்காரர் அதைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்த குடித்தனத்துக்குத் தொங்கவிட்டார்.

வேலை வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஆளும் இல்லை அவர். ராஜபாளையத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், கல்யாணப்பெண் பட்டுச்சேலை கட்டி நிற்கிற மாதிரி நோட்டீசுக்கு ஒரு படம் கேட்டு ஆளனுப்பினார். நூறு ரூபாய் தருவதாகச் சொன்னார். "சும்மா மேலோட்டமாப் போட்டாப் போதும் சார், கரையெல்லாம் யாரு பாக்கப் போறா?" என்று வந்த ஆள் சொன்னான். நான் அப்போது அங்கே உட்கார்ந்திருந்தேன். "மேலோட்டமா எனக்கு வராதுப்பா. வேற ஆளப் பாருங்க" என்று நூறு ரூபாயை வாசலோடு அனுப்பிவிட்டார். அக்கா அன்றைக்கு அவரோடு பேசவில்லை.

நூறை விட்டவர் என்னுடைய இருபத்திரண்டை ஏன் விடவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். நான் மேலோட்டமாகப் போதும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு எல்லாம் வேண்டும். விலைதான் குறைய வேண்டும். வேலையைக் குறைக்கச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது. கூலியைக் குறைத்தால் அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த வாசலைக் கண்டுபிடித்து உள்ளே போய்விட்டேன் நான்.

இரண்டாம் வருஷம் எனக்கு ஒரு யோசனை வந்தது. தாளுக்குத்தானே காசு? ஒரு தாளில் இரண்டு மாடல் போடச் சொன்னால் என்ன? போய்ச் சொன்னேன்.

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டையும் ஒரே தாள்லயாம்மா?"

"ஆமா சார். பிள்ளைக, கையில வச்சுப் பாக்க அடக்கமா இருக்கும்னு சொல்லுதுவ. பெரிய பெரிய தாளா இருந்தா மெஷின்கிட்ட விரிக்க எடம் இல்ல."

பொய். எந்தப் பிள்ளையும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு வசதி என்றதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப சரிம்மா, சின்னதாப் போட்டுருவோம்" என்றார்.

இரண்டு நாலாயிற்று. நாலு ஆறாயிற்று. தாள் அதே தாள்தான். வேறொருவராக இருந்தால் படம் சின்னதாக ஆக ஆக உள்ளே இருப்பதையும் குறைத்திருப்பார். ஒரு பூவை வரைந்து பக்கத்தில் 'இதேபோல' என்று எழுதிவிட்டிருப்பார். இவர் ஆள்காட்டி விரல் அகலக் கழுத்திலும் அத்தனை பூவையும் போட்டார், அத்தனை இதழையும் போட்டார், இதழுக்குள் நூல் சாய்வதையும் போட்டார். மில்லில் வேலை பார்த்தபோது வாங்கிய பூதக்கண்ணாடி ஒன்று இருந்தது. அதை இடதுகையில் பிடித்துக்கொண்டு வரைந்தார். பத்து மணிக்கு வெளிச்சம் ஜன்னலுக்கு வந்ததும் உட்காருவார், நாலு மணிக்கு எழுந்திருப்பார். ஆறு மாடல் உள்ள ஒரு தாள் முடிய பதினைந்து நாள்கூட ஆகும். நான் இடையில் போய், "ஓணத்துக்கு முந்தி சரக்கு போகணும் சார், செத்த சீக்கிரம்" என்று நெருக்குவேன்.

நடுவில் ஒருமுறை நானாகவே விலையைக் கூட்டினேன். இருபத்திரண்டை இருபத்தைந்தாக்கினேன். மூன்று ரூபாய் கூட்டிக் கொடுத்துவிட்டு, அக்கா போட்டுக் கொடுத்த காப்பியைப் பெரிய மனுஷியாகக் குடித்துவிட்டு வந்தேன்.

அவர் தளவாய்புரத்துக்கு ஒரே ஒருமுறைதான் வந்தார். தொண்ணூற்றொன்றில், ஆடி மாசம். முதல்நாள்தான் நான் புதுத் தாளை வாங்கி வந்திருந்தேன். மறுநாள் காலையில் இரண்டு பஸ் மாறி, காற்றில் பறக்கிற வேட்டியைப் பிடித்துக்கொண்டு, கையில் பென்சில் டப்பாவோடு வாசலில் நிற்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாருக்கும் உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பயந்தேன்.

"ஒண்ணுமில்லம்மா. மூணாவது மாடல்ல, இடது பக்கம், மேலேர்ந்து ரெண்டாவது பூ. அஞ்சு இதழ் வேணும். நாலுதான் போட்டுருக்கேன்னு நெனைக்கேன். ராத்திரி படுத்துட்டு எண்ணிப் பாத்தா அப்பிடித்தான் வருது."

ஒரு இதழுக்காக வந்திருக்கிறார். பஸ் காசு அவர் காசு. எனக்குச் சிரிப்பாக வந்தது. "இதுக்கா சார் வந்தீய? நான் பேச்சிகிட்டச் சொன்னா போட்டுக்குவா."

"தாள்ல இல்லாதது அந்தப் புள்ளைக்கு எப்படித் தெரியும்?"

அவர் வரைந்ததில் தப்பு வந்தது அதுதான் முதல் தடவை. அது ஏன் வந்தது என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அவர் தாளைத் தேடி உள்ளே போய்விட்டார், நான் தடுப்பதற்கு முன்னால்.

தாள் அங்கே இல்லை. வந்த அன்றைக்கே அதை ஆறாக வெட்டி, ஆறு மெஷினுக்கு எதிரே சுவரில் மைதாப் பசை போட்டு ஒட்டிவிடுவோம். ஒவ்வொரு தாளையும் அப்படித்தான் செய்வோம். பிள்ளைகள் சுவரில் மூக்கு இடிக்கிற மாதிரி எக்கிப் பார்த்து எண்ணுவார்கள். "கண்ணு வலிக்கி அக்கா, பெருசாப் போட்டுத் தரச் சொல்லுங்க" என்று என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்கள்.

அவர் ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக்கொண்டே போனார். மூன்றாவது துண்டின் முன் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுவரோடு முகத்தை வைத்து அந்தப் பூவைத் தேடினார். அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பேச்சி எழுந்து வந்து விரலை வைத்துக் காட்டினாள். அந்த விரலை அடையாளமாக வைத்துக்கொண்டு ஐந்தாம் இதழை வரைந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வெட்டித்தான் ஒட்டுவீங்கன்னா, தனித்தனித் தாள்லயே பெருசாப் போட்டுக் குடுத்திருப்பேனேம்மா."

என் வாய்தான் சும்மா இருக்காதே. "அதுக்கு ஆறு தாளுக்கும் காசு ஆகுமே சார்" என்று சொல்லிவிட்டேன்.

மெஷின் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். ஆனால் கேட்டிருக்கிறது.

"நான் கூடக் கேட்டிருக்க மாட்டேனேம்மா. பேப்பர் என்ன பெரிய வெலயா? நானே வாங்கிக்கிடுவேன். பெருசா வரையிறதுதான் எனக்குச் சுளுவு. பிள்ளைகளுக்குச் சின்னதா இருந்தாத்தான் வசதின்னு சொன்னீங்கன்னுதான்" என்றார். முடிக்கவில்லை. பேச்சி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

கோபப்படவில்லை அவர். காப்பி குடித்துவிட்டுத்தான் போனார். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதை இன்றுவரை கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நான் மிச்சம் பிடித்ததாக நினைத்தது மிச்சமே இல்லை. அதே இருபத்தைந்து ரூபாய்க்கு, ஆறு பெரிய தாளில், கண்ணுக்கு நோகாமல் வரைந்து கொடுத்திருப்பார். அவரை நாலு வருஷம் பூதக்கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைத்ததில் எனக்கு ஒரு நயாபைசா லாபமில்லை.

அதற்குப் பிறகும் நான் உருப்படியாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஆறை மூன்றாகக் குறைத்தேன், வெட்கத்தில். விலையை வாயைத் திறந்து பேசவில்லை, அதுவும் வெட்கத்தில். வெட்கத்தால் அவருக்கு என்ன பிரயோசனம்?

மறு வருஷம் தாளில் கோடுகள் ஒன்றையொன்று தாண்டிப் போக ஆரம்பித்தன. பிறகு ஒருநாள் நான் போனபோது பலகை சுவரோடு சாத்தியிருந்தது. அக்கா மட்டும்தான் பேசினாள். மதுரையில் காட்டினார்களாம். கண்ணுக்குள் பிரஷராம். கொஞ்சம் கொஞ்சமாக நரம்பைத் தின்றுவிட்டதாம். அவருடைய அப்பாவுக்கும் வயசுகாலத்தில் இப்படித்தான் ஆயிற்றாம். "எழுத்து வேலை வரைபட வேலையால வாரதில்லம்மா இது, ஆனா மூணு வருஷத்துக்கு முந்தி வந்திருந்தா சொட்டு மருந்துலயே நிறுத்திருக்கலாம்னு டாக்டரு சொல்லுதாரு" என்றாள்.

அத்தோடு அந்த டாக்டர் என்னை விட்டுவிட்டார். அக்கா விடவில்லை. என்னைப் பார்க்காமல், முறத்தில் அரிசியைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னாள். "மூணு வருஷமா நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். வெளக்கச் சுத்தி கலர் கலரா வட்டம் தெரியுதுன்னு அவியளே சொன்னாவ. மருதைக்குப் போவோம் போவோம்னேன். ரெண்டு ஆளு பஸ்ஸு காசு, டாக்டரு காசு, மருந்து காசுன்னு கணக்குப் பாத்தா ஒன்னோட நாலு தாளு. நாலு தாளுன்னா ரெண்டு மாசம். தளவாய்புரத்தம்மா வேல முடியட்டும்னே தள்ளிக்கிட்டு வந்துட்டாவ."

நான் ஊருக்கு வந்து இரண்டு நாள் மெஷின் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள், சுவரில் ஒட்டியதும் பெட்டியில் கிடந்ததுமாகப் பழைய துண்டுகளையெல்லாம் பேச்சியை வைத்துக்கொண்டு எடுத்து எண்ணினேன். நூற்று நாற்பது படம். அவர் முதல்நாள் சொன்ன முப்பது ரூபாயைப் படத்துக்கு ஒன்றாகப் போட்டேன். நாலாயிரத்து இருநூறு வந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒருவர் சொன்ன விலையில் பைசா குறைக்காமல் மஞ்சள்பையில் எடுத்துக்கொண்டு போனேன். மனசுக்குள் ஒரு ஓரத்தில், இதைக் கொடுத்துவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்றும் இருந்தது.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கழுத்துப் பித்தான்வரை போட்டிருந்தார். நான் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் "எதுக்கும்மா இதெல்லாம்" என்றார். அக்கா வந்து பையை வாங்கினாள். அங்கேயே உட்கார்ந்து எண்ணினாள்.

"எத்தன படத்துக்கு?"

"நூத்தி நாப்பது, அக்கா."

"நூத்தி நாப்பத்தெட்டு. ஒங்க வியாபாரிக்குப் புடிக்கலன்னு எட்டுப் படத்தத் திருப்பிக் கொண்டாந்தியே, அது?"

அது எனக்கு மறந்தே போயிருந்தது. விற்காத மாடலுக்குக் காசு எதற்கு என்று அந்த எட்டுக்கும் நான் ஒன்றுமே கொடுக்கவில்லை. அவர் இருபது நாள் உட்கார்ந்து வரைந்த எட்டு. பஸ்ஸுக்கென்று இடுப்பில் வைத்திருந்த பர்ஸையும் எடுத்து, இருந்ததையெல்லாம் கொடுத்தேன். நூற்றுச் சொச்சம்தான் இருந்தது. மிச்சத்தைக் கொல்லத்துக்காரர் வந்ததும் தருகிறேன் என்றேன். அக்கா இரண்டு ரூபாய்த் தாள் இரண்டை மட்டும் பிரித்து, பஸ்ஸுக்கு வைத்துக்கொள் என்று என் மடியில் வைத்தாள்.

பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டாள். "இது அவிய கைக்கு ஆச்சு. கண்ணுக்கு எம்புட்டுன்னு நீயே ஒரு வெல சொல்லு. வெல பேசுததுல நீ கெட்டிக்காரில்லா."

யார் என்ன சொன்னாலும் பாதியில் ஆரம்பிக்கிறவள் நான். இதில் பாதி எது என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே வளவுக் குழாயில் யாரோ குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அது நிரம்பி வழிந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதால் அதையும் ஒரு காசாக நீட்டுகிற மாதிரி இருக்குமே என்று அடக்கிக்கொண்டேன்.

அவர்தான் கடைசியில் பேசினார். அக்காவைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார். பிறகு என்னிடம், "நான்தான் சரின்னு சொன்னேன்மா. நீங்க கேட்டீங்க. முடியாதுன்னு நான் சொல்லியிருக்கலாம், சொல்லல. நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்றார். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. சத்தமில்லாமல் எழுந்து, வாசல்நிலை வரைக்கும் போய்ச் செருப்பையும் மாட்டிவிட்டேன். சொல்லிக்கொள்ளாமலே போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

"பாத்துப் போயிட்டு வாங்கம்மா. ஆடிக்காத்து, பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காராதீங்க" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அவர் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தில் அதே சிரிப்பு. பதில் வராததால் கழுத்தைக் கொஞ்சம் நீட்டி, "அம்மா?" என்றார்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அடிமேல் அடி வைத்துத் திரும்பிப் போய் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, "சரி சார். போயிட்டு வாரேன்" என்றேன்.